மாண்ட்ரியலில் இங்கிலீஷ் மட்டும் போதுமா?

கேள்வி: 3 மார்ச் 2024

மனைவிக்கு மாண்ட்ரியலில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து மூன்று பேரும் கிளம்புகிறோம். மகளுக்கு ஏழு வயது. அங்கே எல்லோருக்கும் இங்கிலீஷ் தெரியும், பிரெஞ்சு படிப்பது வீண் செலவு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? வீடு எப்படிப் பிடிப்பது? முதல் வாரத்தில் என்னென்ன பார்க்கலாம்? அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

3 மார்ச் 2024, இரவு

போதும். நகர மையத்தில் கடை, வங்கி, சாப்பாட்டு இடம் எங்கே போனாலும் இங்கிலீஷில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். நான் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. முதல் மூன்று வருடத்தை இங்கிலீஷிலேயே ஓட்டினேன்.

பார்க்க வேண்டியவை: மோன்-ரொயால் மலை, பழைய துறைமுகம், நோத்ர்-தாம் பேராலயம், தாவரவியல் பூங்கா. நான்கு நாள் தாராளம்.

4 மார்ச் 2024

நேற்று படுக்கப் போகிற நேரத்தில் எழுதியது. வீட்டு விஷயத்தை விட்டுவிட்டேன், முக்கியமே அதுதான்.

விளம்பரங்களில் 3½, 4½ என்று போட்டிருப்பார்கள். அந்த அரை, குளியலறை. கூடம், சமையலறை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். 4½ என்றால் பெரும்பாலும் இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை, அப்புறம் அந்த அரை. மூன்று பேருக்கு அது சரியாக இருக்கும். 'சோஃபே' என்று எழுதியிருந்தால் வெப்பமூட்டும் செலவு வாடகைக்குள் அடங்கியது. குளிர்கால மின்கட்டணத்தை நினைத்தால் அந்த ஒரு சொல்லுக்கு நல்ல மதிப்பு உண்டு.

அட்வான்ஸ் கிடையாது. இந்த ஊர் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் சட்டப்படி வீட்டுக்காரர் முன்கூட்டி வாங்கக்கூடியது முதல் மாத வாடகை மட்டும். பிணைத்தொகை, சாவிக்கு ஒரு தொகை என்று எதையும் கேட்கக் கூடாது. இது தெரியாமல் என் முதல் வீட்டில் இரண்டு மாத வாடகையை எடுத்துக் கொடுத்துவிட்டு நின்றேன். நம் ஊரில் கொடுத்துப் பழகிய கை, கேட்டதும் நீண்டுவிட்டது. அதைத் திரும்ப வாங்கிக் கொடுத்தது கீழ் வீட்டு அம்மா. யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் வந்தவர். "தம்பி, காசைக் குடுத்தனீங்களோ? ஏன் குடுத்தனீங்கள்? ஒரு கடிதம் எழுதுங்கோ, நான் பிரெஞ்சில சொல்லித் தாறன்" என்றார். வாடகை வழக்குகளுக்கென்றே இங்கே தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் பெயரை அந்தக் கடிதத்தில் ஒரு வரி எழுதினோம், ஒரு வாரத்தில் பணம் வந்துவிட்டது.

வாடகை ஒப்பந்தத்துக்கும் அரசு வகுத்த படிவம் ஒன்று உண்டு. வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து கேட்டால் சம்மதிக்காதீர்கள். அந்தப் படிவத்தின் 'ஜி' பகுதியில், கடந்த பன்னிரண்டு மாதத்தில் அந்த வீட்டுக்கு வாங்கிய மிகக் குறைந்த வாடகை எவ்வளவு என்று வீட்டுக்காரர் எழுதிக் காட்ட வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தால், நிரப்பிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

7 மார்ச் 2024

ஜூன் கடைசி என்று எழுதியிருக்கிறீர்கள், இன்றுதான் அதைக் கவனித்தேன். தேதியைக் கொஞ்சம் முன்னால் தள்ள முடியுமா பாருங்கள்.

இந்த நகரத்தில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் 30 அன்று முடிகின்றன. அதனால் ஜூலை 1 அன்று ஊரே வீடு மாற்றுகிறது. முன்பு இது மே மாதத்தில் நடந்தது. பள்ளிக்கூடம் நடக்கும்போது பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீடு மாற வேண்டாம் என்று எழுபதுகளில் சட்டத்தை மாற்றி ஜூலைக்குத் தள்ளினார்கள். அன்றைக்கு லாரி கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை எகிறிவிடும். பல வீடுகளில் ஃபிரிட்ஜும் அடுப்பும் குடியிருப்பவருடையவை, அதனால் அவையும் கூடவே போகும்.

என் தெருவில் ஒரு ஜூலை முதல் தேதி பார்த்தது: இரண்டு பேர் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு ஃபிரிட்ஜை இறக்குகிறார்கள். படிக்கட்டு வீட்டுக்கு வெளியே, இரும்பில், சுருள் சுருளாக. மேலே இருப்பவர் பட்டையைத் தோளில் மாட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கிறார். கீழே இருப்பவர் ஒரு படி இறங்குவார், ஃபிரிட்ஜை மார்பில் தாங்குவார், மூச்சு விடுவார், அடுத்த படி. வளைவில் கதவுப் பக்கம் கம்பியில் உரசிக் கீச்சென்றது. எதிர்வீட்டுக்காரர்கள் காபிக் கோப்பையோடு பால்கனியில் நின்று 'இடது, இடது' என்று வழி சொன்னார்கள். கீழே இறங்கி முடித்ததும் தெருவே கை தட்டியது.

அந்த நாளில் நடைபாதையில் சோஃபா, மெத்தை எல்லாம் இலவசமாகக் கிடக்கும். மேசை, நாற்காலி, புத்தக அலமாரி எடுக்கலாம். துணி போர்த்திய எதையும் தொடாதீர்கள், மூட்டைப்பூச்சி வரும்.

7 மார்ச் 2024, மாலை

படிக்கட்டை ஏன் வெளியே வைத்தார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இங்கே இரண்டு மூன்று மாடி வீடுகளை ஒட்டி ஒட்டிக் கட்டினார்கள். வீட்டுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட வேண்டும் என்று விதி இருந்தது. அந்த இடத்தில் படிக்கட்டை வைத்துவிட்டால் உள்ளே இடம் மிச்சம், படிக்கட்டுக் கூடத்தைச் சூடேற்றும் செலவும் மிச்சம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெருவைப் பார்த்துத் தனி வாசலும் கிடைத்தது. பனி விழுந்த காலையில் இறங்கும்போதுதான் கட்டியவரை மனம் திட்டும். ப்ளாட்டோ பகுதியில் ஒரு மணி நேரம் சும்மா நடந்தாலே போதும், நுழைவுச்சீட்டு இல்லாத காட்சி இது. முதல் நாள் பட்டியலில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

10 மார்ச் 2024

நான் போட்ட பட்டியலில் மெட்ரோ இல்லை என்று இன்னொருவர் கோபித்துக்கொண்டார். அவர் சொன்னது நியாயம். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த இடம் எதுவென்றால் மெட்ரோதான், அதைப் போய் மறந்திருக்கிறேன்.

1966 அக்டோபர் 14 அன்று திறந்தார்கள், எக்ஸ்போ 67 கண்காட்சிக்கு ஆறு மாதம் முன்பு. இன்று நான்கு தடங்கள், 68 நிலையங்கள். ரயில் முழுக்கச் சுரங்கத்துக்குள்ளேயே ஓடுகிறது, ஒரு இடத்தில்கூட வெளியே தலை காட்டாது. அதனால் வெளியே எவ்வளவு பனி கொட்டினாலும் தண்டவாளத்தில் பனி இல்லை. சக்கரம் ரப்பர் டயர். மதுரையில் ரயிலடிப் பக்கம் வளர்ந்த எனக்கு முதல் நாள் அந்தத் தடதட சத்தம் இல்லாதது விசித்திரமாக இருந்தது. கிளம்பும்போது மூன்று சுரம் மட்டும் ஏறுவரிசையில் கேட்கும், 'தூ தூ தூ' என்று. மோட்டாருக்கு மின்சாரத்தைப் படிப்படியாகச் செலுத்தும் கருவி எழுப்புகிற ஓசை அது. யாரும் இசையமைக்கவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் ரயில் விளையாட்டு விளையாடும்போது இந்த மூன்று சுரத்தைத்தான் பாடுகிறார்கள்.

ஒவ்வொரு நிலையத்தையும் தனித்தனியாக வடிவமைத்திருக்கிறார்கள். ஷாம்-த-மார்ஸ் நிலையத்துக்குக் காலையில் போங்கள். மார்செல் ஃபெரோன் என்ற ஓவியர் 1968இல் செய்த வண்ணக் கண்ணாடிச் சுவர் அங்கே இருக்கிறது. உருவம் எதுவும் இல்லை, பெரிய பெரிய வண்ண வளைவுகள்தான். வெயில் ஏறும்போது நீலமும் சிவப்பும் தரையில் விழுந்து, நடந்து போகிறவர்களின் கோட்டு மேல் ஏறி இறங்கும். வேலை இல்லாமல் திரிந்த முதல் குளிர்காலத்தில் சூடான இடம் தேடி அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். ஒரு வெள்ளைக் கம்பளித் தொப்பி மஞ்சளாகி, ஊதாவாகி, மறுபடி வெள்ளையாகி வெளியே போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஸ்குவார்-விக்டோரியா நிலையத்தில் ஒரு வாசல், ஹெக்டர் கிமார் பாரிஸ் மெட்ரோவுக்காக வடிவமைத்தது. பாரிஸ்காரர்கள் அறுபதுகளில் அனுப்பிவைத்தார்கள். பச்சை இரும்புத் தண்டும் இலையும், செடி வளர்ந்து வாசலானது போல.

நிலையங்களின் கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடு அச்சில் சுழலும் கனமான கதவு. ரயில் வரும்போது சுரங்கத்துக் காற்று முழுவதையும் தள்ளிக்கொண்டு வரும். சாதாரணக் கதவாக இருந்தால் அந்த அழுத்தத்தில் திறக்கவே முடியாது. அச்சின் ஒரு பக்கம் காற்று உள்ளே தள்ளும், மறுபக்கம் வெளியே தள்ளும், இரண்டும் ஈடாகிவிடும். என்றாலும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டே போங்கள், குளிர்காலத்தில் அது பெரியவர்களையே தள்ளுகிற கதவு.

குழந்தை வண்டியோடு வருகிறவர்கள் கவனிக்க: லிஃப்ட் இருப்பது பாதிக்கும் குறைவான நிலையங்களில்தான். கிளம்புவதற்கு முன் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு அழகான மெட்ரோவில் இந்தக் குறை எனக்குத் தீராத வருத்தம்.

11 மார்ச் 2024

திருத்தம். அந்த மூன்று சுர ஓசை எல்லா ரயிலிலும் இயல்பாக வராது. எழுபதுகளில் செய்த பழைய ரயில்களின் மோட்டாருக்குத்தான் அது உண்டு. எங்கள் நீலத் தடத்தில் அவை இன்னும் ஓடுகின்றன, அதனால்தான் எனக்குத் தினமும் கேட்கிறது. 2016இல் வந்த அஸூர் ரயில்களில் அதே மூன்று சுரத்தைக் கதவு மூடும் மணியாக வைத்துவிட்டார்கள். ஓசையை இழக்க ஊருக்கு மனம் வரவில்லை.

11 மார்ச் 2024, இரவு

மெட்ரோவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது என் முதல் பதிலே உறுத்தத் தொடங்கியது. 'இங்கிலீஷ் போதும்' என்று சொன்னேன். மெட்ரோவில் அறிவிப்பு பிரெஞ்சில் மட்டும்தான். வெளியே போகும் வழியைக் காட்டும் பலகையும் 'சோர்தி' என்றுதான் இருக்கும்.

வந்த புதிதில் ஒரு நாள் ரயில் நிலையத்தில் நின்றது, கதவு திறந்தபடி இருந்தது. ஏதோ அறிவித்தார்கள். பெட்டியிலிருந்த எல்லோரும் எழுந்து இறங்கிப் போனார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். நேர்முகத் தேர்வுக்குப் போகிற அவசரம், ரயில் இப்போது கிளம்பிவிடும் என்று நம்பிக்கொண்டு பத்து நிமிடம். கடைசியில் ஒரு பாட்டி திரும்பி வந்து, தரையைக் காட்டி, கையைக் குறுக்கே வீசி, தடம் முழுக்க நின்றுவிட்டது என்று புரியவைத்தார். அவர் வராமல் இருந்தால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பேனோ. 'அந்தெருப்ஸியோன் த செர்வீஸ்' என்று காதில் விழுந்தால் இறங்கி பஸ்ஸைத் தேடுங்கள். 'ராலாந்திஸ்மான்' என்றால் தாமதம்தான், உட்கார்ந்திருக்கலாம்.

16 மார்ச் 2024

மருத்துவம் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள்.

அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையை இங்கே 'கார்த் சொலெய்' என்பார்கள், சூரிய அட்டை. மேலே சூரியன் படம் போட்டிருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அது கைக்கு வர மூன்று மாதம் வரை ஆகலாம். அந்த இடைவெளிக்குத் தனியார் காப்பீடு எடுக்காமல் விமானம் ஏறாதீர்கள். குழந்தை இருக்கிறது.

குடும்ப மருத்துவர் உடனே கிடைக்க மாட்டார். பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. எங்கள் மகனுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்தபோது ஓர் அவசரப் பிரிவில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். முதலில் ஒரு நர்ஸ் பார்த்து, எவ்வளவு அவசரம் என்று வரிசைப்படுத்தினார். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எல்லாம் முன்னால் போயின. அது சரியான முறைதான், ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு, தோளில் குழந்தை அனலாய்க் கொதிக்கும்போது அதை ஏற்பது கடினம்.

பிறகு தெரிந்துகொண்டது 811. எந்த நேரமும் அழைக்கலாம், ஒரு நர்ஸ் எடுப்பார், இங்கிலீஷிலும் பேசுவார். வீட்டில் சமாளிக்கலாமா, மருத்துவமனைக்குப் போக வேண்டுமா என்று கேள்வி கேட்டுச் சொல்வார். அடுத்த காய்ச்சலுக்கு அதில்தான் கூப்பிட்டோம், வீட்டை விட்டு வெளியே போகவே வேண்டியிருக்கவில்லை. மருந்துக்கடைக்காரரையும் குறைவாக நினைக்காதீர்கள். சில சாதாரணத் தொந்தரவுகளுக்கு அவரே மருந்து எழுதித் தர இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. உயிர் போகிற அவசரம் என்றால் 911, அதில் யோசனையே வேண்டாம்.

நகராட்சி சமாச்சாரம் எல்லாவற்றுக்கும் 311.

17 மார்ச் 2024

என் முதல் பதிலைத் திருத்துகிறேன். இங்கிலீஷ் போதும் என்று சொன்னது தவறு. பிழைக்கப் போதும், குடியிருக்கப் போதாது.

பிரெஞ்சை அரசின் மொழியாகவும் வேலையிடத்து மொழியாகவும் ஆக்கிய சட்டம் 1977இல் வந்தது. 101ஆம் சட்டம் என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். 2022இல் 96ஆம் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. நகர மையத்தில் கடைக்காரர்கள் 'பொன்ஜூர்-ஹாய்' என்று இரண்டு மொழியையும் சேர்த்து வணக்கம் சொல்வார்கள். எந்த மொழியில் பதில் சொல்கிறீர்களோ அதில் பேச்சு தொடரும். இது ஒரு நல்ல ஏற்பாடு என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் 2017இல் கியூபெக் சட்டமன்றம், வணிகர்கள் 'பொன்ஜூர்' என்று மட்டும் வரவேற்க வேண்டும் என்று கேட்டு ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. ஒரு 'ஹாய்'க்கு இவ்வளவா என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

கீழ் வீட்டு அம்மாவிடம் அதைச் சொன்னேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார், நிமிரவே இல்லை. "நாங்கள் மொழியாலதானே இவ்வளவு தூரம் வந்தனாங்கள், தம்பி. அவையளுக்கு உது விளங்கும். முதல்ல பொன்ஜூர் எண்டு சொல்லுங்கோ, பேந்து இங்கிலீசில கதைச்சாலும் முகம் சுழிக்க மாட்டினம்."

வட அமெரிக்கா முழுக்க இங்கிலீஷ் பேசும் கோடிக்கணக்கானவர்களுக்கு நடுவே ஒரு மாகாணம் தன் மொழியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. 'ஸ்டாப்' பலகைகூட இங்கே 'அரே' என்றுதான் இருக்கும். பிரான்ஸிலேயே 'ஸ்டாப்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகைக்காக நாம் எவ்வளவு பேசியிருக்கிறோம்? அப்படிப்பட்ட நமக்கு இது விளங்காமல் போகலாமா?

அவர் சொன்ன மாதிரியே செய்து பார்த்தேன். தபால் நிலையத்தில், பேக்கரியில், பஸ் ஓட்டுநரிடம், எல்லா இடத்திலும் முதலில் பொன்ஜூர். பாதிப் பேர் என் உச்சரிப்பைக் கேட்டதும் தாங்களே இங்கிலீஷுக்கு மாறினார்கள். ஆனால் அந்த மாற்றத்தில் ஒரு சிரிப்பு இருந்தது, முன்பு அது இருந்ததில்லை.

18 மார்ச் 2024

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படித்திருக்கிறேன், போதுமா என்று ஒருவர் கேட்கிறார். அடித்தளம் நன்றாக இருக்கும், ஆனால் காது பழக ஆறு மாதம் ஆகும். சொற்களும் மாறும். பாரிஸ் பிரெஞ்சில் 'தினே' இரவுச் சாப்பாடு, இங்கே அது மதியச் சாப்பாடு. காலையில் 'தேஜெனே', இரவில் 'சூப்பே'. பாண்டிச்சேரியில் படித்து வந்த என் நண்பர் ஒருவரை அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவர் தன் வீட்டுக்குத் தினேக்கு அழைத்தார். இரவு ஏழு மணிக்கு இனிப்புப் பெட்டியோடு போய் நின்றார். அவர்கள் மதியம் முழுக்கக் காத்திருந்துவிட்டு, மிச்சத்தை மூடி வைத்திருந்தார்கள். அதைச் சூடுபண்ணி அவரை உட்காரவைத்துப் பரிமாறினார்கள், இன்றுவரை அந்தக் குடும்பத்தோடு நெருக்கம்.

தெருமுனைப் பெட்டிக்கடைக்கு 'தெப்பனேர்' என்று பெயர். இக்கட்டில் கைகொடுப்பது என்ற வினையிலிருந்து வந்த சொல். ராத்திரி பத்தரை மணிக்குப் பால் தீர்ந்துபோனால் பெயர்ப் பொருத்தம் விளங்கும்.

வசைச்சொற்கள் தேவாலயத்திலிருந்து வந்தவை. 'தபர்நாக்' என்பது நற்கருணைப் பேழை, 'காலிஸ்' என்பது திருக்கிண்ணம். அறுபதுகள்வரை பள்ளி, மருத்துவமனை, வீடு எல்லாவற்றிலும் திருச்சபையின் பிடி இருந்தது. அந்தப் பிடி போய்விட்டது, சொற்கள் மட்டும் சுத்தியல் விரலில் பட்டதும் வருகின்றன. மகள் பள்ளியிலிருந்து கற்றுக்கொண்டு வருவாள், பொருள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

24 மார்ச் 2024

தேவாலயம் என்றதும் நினைவு வந்தது. பட்டியலில் நோத்ர்-தாம் போட்டேன், அது அழகுதான். ஆனால் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் புனித சூசையப்பர் ஆலயத்துக்குப் போங்கள், மலையின் மேற்குச் சரிவில்.

எதிரே இருந்த பள்ளியில் வாசல் காப்பவராக வேலை பார்த்த சகோதரர் அந்திரே என்பவர் 1904இல் ஒரு சின்ன மரக் கோயிலாகத் தொடங்கியது. நோயாளிகள் அவரைத் தேடி வந்தார்கள். 1937இல் இறந்தார், 2010இல் புனிதர் பட்டம் கிடைத்தது. குணமாகிப் போன நோயாளிகள் விட்டுச்சென்ற ஊன்றுகோல்கள் இன்றும் உள்ளே தூண்களுக்கிடையில் வரிசையாகத் தொங்குகின்றன. ஏறுவதற்கு 283 படிகள். அதில் நடுவே 99 மரப்படிகள், முழங்காலில் ஏறுகிறவர்களுக்கு மட்டும். வேளாங்கண்ணியில் மணலில் முழங்காலிட்டுப் போகிறவர்களைப் பார்த்த கண்ணுக்கு அது அந்நியமாகவே தெரியாது. சைவக் குடும்பங்களும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பார்க்கிறேன். கீழ் வீட்டு அம்மா நெற்றியில் திருநீற்றோடு வருவார். மடு மாதாவுக்கு ஏற்றிய கை, இங்கே சூசையப்பருக்கு ஏற்றுகிறது.

அவர் தனியாகவே பஸ்ஸில் வந்து போகிறார். 65 வயது நிரம்பிய நகரவாசிகளுக்கு 2023 ஜூலையிலிருந்து பஸ்ஸும் மெட்ரோவும் இலவசம். அன்றிலிருந்து அவர் வீட்டில் இருப்பது குறைவு.

2 ஜூலை 2024

வந்து சேர்ந்துவிட்டோம், முதல் தேதியே வீடு மாறினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபிரிட்ஜ் நல்லபடியாக ஏறியதில் சந்தோஷம். இப்போது ஜாஸ் விழா நடக்கிறது, 1980இலிருந்து நடப்பது. திறந்தவெளிக் கச்சேரிகளுக்குக் காசு கிடையாது. ப்ளாஸ்-தே-ஸார் நிலையத்தில் இறங்கிக் கூட்டத்தோடு நடந்தால் போதும். மகளைத் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவைக்கிறேன். இந்த ஊரில் 'வடக்கு' என்று எல்லோரும் சொல்வது உண்மையில் வடமேற்கு. தீவு சாய்ந்து கிடக்கிறது, தெருக்களும் அதோடு சாய்ந்துவிட்டன. கோடையில் சூரியன் 'வடக்கே' மறையும். கைபேசித் திசைகாட்டியை நம்பாமல் மலையைப் பாருங்கள். மலையை விட உயரமாகக் கட்டடம் கட்டக் கூடாது என்று நகர விதி, அதனால் அது எப்போதும் தெரியும். மேற்கு, கிழக்கு முகவரி எண்கள் சென்-லோரான் சாலையிலிருந்து தொடங்கும்.

18 பிப்ரவரி 2025

இந்த இழை இவ்வளவு நாள் கழித்து மறுபடி எழுந்ததற்குக் காரணம் பனி. நான்கே நாளில் 70 செ.மீ.க்கு மேல். காரைக் காணோம் என்று காலையில் நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். திருட்டுப் போகவில்லை, பதற வேண்டாம். பனி அள்ளுவதற்காக இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்துத் தெருவில் விட்டிருப்பார்கள். எந்தத் தெரு என்று நகராட்சி இணையத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அபராதச் சீட்டு கண்ணாடியில் இருக்கும், அதை மட்டும் தவிர்க்க முடியாது.

தெருவில் ஆரஞ்சுப் பலகை நட்டிருக்கிறார்களா என்று தினமும் பாருங்கள். எந்த நேரம் வண்டி நிற்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அள்ளுவதற்கு முன் இழுவை வண்டி ஒரு சைரன் அடித்துக்கொண்டு தெருவில் போகும். அதைக் கேட்டால் பைஜாமாவோடு ஓடுங்கள், எல்லோரும் ஓடுகிறார்கள்.

ஒரு முறை சன்னலில் நின்று முழுவதும் பாருங்கள். எங்கள் தெருவில் நேற்று இரவு நடந்தது. முதலில் சின்னச் சங்கிலிச் சக்கர வண்டி நடைபாதைப் பனியைத் தெருவுக்குத் தள்ளியது. பிறகு கத்தி பூட்டிய வண்டிகள் தெருப் பனியை ஒரு நீளக் கரையாக ஒதுக்கின. கடைசியில் அந்தக் கரையைத் தின்றபடி ஊதி வண்டி வந்தது. அதன் குழாய் பக்கத்தில் ஊர்ந்த லாரிக்குள் பனியைப் பீய்ச்சியது. லாரி நிறைந்ததும் ஓட்டுநர் விலகினார், ஊதி வண்டி நிற்கவே இல்லை, பின்னால் வந்த லாரி அதே வேகத்தில் அந்த இடத்தில் நுழைந்தது. ஒரு கைப்பிடிப் பனிகூடக் கீழே சிந்தவில்லை. என் மகனும் நானும் நள்ளிரவில் பத்து லாரிவரை எண்ணினோம்.

நகரம் இப்படிச் சுத்தம் செய்யும் தெருவும் நடைபாதையும் சேர்ந்து சுமார் 10,000 கி.மீ. அள்ளிய பனியில் ஒரு பெரிய பங்கு சென்-மிஷெல் பக்கம் பழைய ஃப்ரான்கோன் கல்குவாரிக்குப் போகிறது. கோடை நடுவில் அங்கே போனால், சட்டைக்கை மடித்துவிட்ட வெயிலில், அழுக்கு படிந்த ஒரு பனிமலை இன்னும் உருகிக்கொண்டிருக்கும். என்னைக் கேட்டால் அதையும் பட்டியலில் சேர்க்கலாம்.

மறந்துவிட்டேன்: டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். அப்புறம், இந்தத் தீவில் சிவப்பு விளக்கில் வலது பக்கம் திரும்பக் கூடாது. டொரண்டோ நண்பர் சொன்னார் என்று திரும்பிவிடாதீர்கள்.

2 மார்ச் 2025

உங்கள் மனைவிக்குப் பிரெஞ்சு மாலை வகுப்பில் இடம் கிடைக்கவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் பெரி-யூக்காம் நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். அங்கிருந்து நேராகவே தேசிய நூலகத்துக்குள் நுழையலாம், 2005இல் திறந்தது. கியூபெக்கில் குடியிருக்கும் யாருக்கும் அட்டை இலவசம், முகவரிச் சான்று மட்டும் வேண்டும். உள்ளே மஞ்சள் பிர்ச் மரச் சட்டங்களால் தடுத்த அறைகள், சன்னலோரம் நாற்காலிகள். மொழி கற்கும் புத்தகமும் ஒலிப்பதிவும் இருக்கின்றன, குழந்தைகளுக்குத் தனித் தளம் உண்டு. நான் பிரெஞ்சில் முதன்முதலாக முழுதாகப் படித்து முடித்தது அங்கே எடுத்த ஒரு குழந்தைகள் புத்தகம். 32 பக்கம், ஒரு கரடி, மூன்று மாலை.

14 ஜூன் 2025

ஓராண்டு கழித்து, முதல் வாரத்துக்கு என்ன பட்டியல் போடுவேன் என்று கேட்டிருக்கிறீர்கள். மலை அப்படியே இருக்கும். கொந்தியாரோங்க் மேடைக்கு மாலையில் ஏறுங்கள். 1701இல் இந்த ஊரில் நடந்த பெரிய சமாதான உடன்படிக்கைக்காக உழைத்து, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே இறந்துபோன, வெண்டாட் என்ற பூர்வகுடியின் தலைவர் பெயர் அது. அங்கிருந்து நகரமும் ஆறும் முழுதாகத் தெரியும். மற்ற மூன்றை எடுத்துவிட்டு மெட்ரோ, சூசையப்பர் ஆலயம், நூலகம் போடுவேன். சென்-வியாத்தர் தெருவில் பேகல் வாங்குங்கள். தேன் கலந்த வெந்நீரில் வேகவைத்து, விறகு அடுப்பில் சுடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, நடைபாதையில் நின்று சூட்டோடு தின்ன வேண்டும். நான்கு நாள் என்று எழுதியதை அடித்துவிட்டேன்.

நாளைக் காலை ஜான்-தலோன் சந்தைக்குப் போகிறேன். 1933இலிருந்து நடக்கும் உழவர் சந்தை, ஸ்ட்ராபெர்ரி வரத் தொடங்கியிருக்கிறது. கீழ் வீட்டு அம்மாவும் வருகிறார், பேரம் அவர் பொறுப்பு. நீங்கள் மூவரும் வாருங்கள். பத்து மணி, மெட்ரோவிலிருந்து வெளியே வரும் கதவருகே நிற்போம். பை கொண்டு வாருங்கள். மகளிடம் சொல்லிவையுங்கள், கடைக்காரரிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று அந்த அம்மா கேட்பார்.